வலது கை தேய்த்த ஸ்டீயரிங்: லெதர் மாற்றி மூன்று வருடம் ஓட்டிய அனுபவம்

என் காரின் ஸ்டீயரிங்குக்குப் புது லெதர் போட்டது 2022 ஜூனில். அதற்குப் பிறகு மூன்று கோடை, 52,000 கிலோமீட்டர். வேலை முடிந்த அன்றே படம் எடுத்துக் காட்டுபவர்கள் நிறைய உண்டு. இரண்டு கத்திரி வெயில் தாண்டிய பிறகு அதே ஸ்டீயரிங் எப்படி இருக்கிறது என்று சொல்பவர்கள்தான் கிடைப்பதில்லை. எனக்கு அந்தத் தகவல் தேவைப்பட்ட நேரத்தில் யாரும் சொல்லவில்லை என்பதால், காத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

வண்டி 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக். வேலூரில் வீடு, வேலை ஆம்பூர் பக்கம். வாரத்தில் மூன்று நாள் போய்வர நூறு கிலோமீட்டர். ஐந்து வருடம் வரை ஸ்டீயரிங்கில் குறையே தெரியவில்லை. 2018 வாக்கில் வலது பக்கம், கடிகாரத்தில் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் இருக்கும் இடம், கண்ணாடி மாதிரி பளபளக்க ஆரம்பித்தது. இடது பக்கம் அப்படியே இருந்தது. யோசித்தால் காரணம் எளிது. நம் ஊர் வண்டியில் இடது கை கியருக்குப் போய்ப் போய் வரும். வலது கை ஸ்டீயரிங்கை விட்டு நகராது. மோதிரம் போடுவதும் அந்தக் கையில்தான். என் மோதிரம் உரசிய கோடு பளபளப்பின் நடுவே தனியாகத் தெரிந்தது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். கம்பெனியில் இருந்து வரும் லெதர் ஸ்டீயரிங்கில் விரல் படுவது தோலின் மேல் இருக்கும் பூச்சில். பதனிட்ட தோலுக்கு மேல் நிறம், அதற்கும் மேல் பாலியூரித்தேன் படலம். இந்தப் படலம் இருக்கும்வரை தோல் பத்திரம். வியர்வை உப்பும் கை எண்ணெயும் அதை மெல்ல மெல்ல இளக்கும். வெயில் காயவைக்கும். 2020இல் எல்லோரும் சானிடைசர் போட ஆரம்பித்தோம் அல்லவா, அதில் இருக்கும் ஆல்கஹால் இந்தப் படலத்துக்கு நேர் எதிரி. கை காய்வதற்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிடுவேன். ஐந்து வருடத்தில் நடந்த தேய்மானத்தைவிட அந்த எட்டு மாதத்தில் நடந்தது அதிகம். பளபளத்த இடம் செதில் செதிலாக உரிந்து, உள்ளே சாம்பல் நிற நார் தெரிந்தது.

அதற்கு நடுவில் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். முதலில் 450 ரூபாய்க்கு ஒரு ரெடிமேட் கவர் மாட்டினேன். பிடி தடிமனானது, அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு மழை நாளில் சர்வீஸ் ரோட்டில் திரும்பும்போது, கவர் என் கையோடு சுற்றியது, ஸ்டீயரிங் அதன் இடத்திலேயே நின்றது. ஒரு நொடிதான். அன்று சாயங்காலமே கழற்றிவிட்டேன். உள்ளே வியர்வை தேங்கி, பழைய லெதர் முழுக்கப் பிசுபிசுத்திருந்தது. மேலே மாட்டும் ரெடிமேட் கவரை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன், எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும்.

அடுத்தது சித்தப்பா சொன்ன தேங்காய் எண்ணெய். "செருப்புக்குத் தடவுறோம்ல, அதே தோல்தானடா" என்றார். பூச்சு இருக்கும் இடத்தில் எண்ணெய் உள்ளே இறங்காது, மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும். பூச்சு போன இடத்தில் இறங்கும், ஆனால் அதற்குப் பிறகு எந்த நிறமும் பசையும் அங்கே ஒட்டாது. பின்னால் நிறம் பூசியபோது முதலில் பெயர்ந்தது எண்ணெய் குடித்த அந்த இடம்தான். வாட்டர் வாஷ் கடையில் டேஷ்போர்டுக்கு அடிக்கும் பாலிஷை ஸ்டீயரிங்குக்கும் சேர்த்துத் துடைத்துவிடுவார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பாலிஷில் இருக்கும் சிலிக்கோன் படிந்த ஸ்டீயரிங் ஈரக் கையில் வழுக்கும்.

2021 ஜனவரியில் லெதர் நிறம் பூசும் கிட் ஒன்று 1,900 ரூபாய்க்கு வாங்கி நானே உட்கார்ந்தேன். இதைக் குறை சொல்ல மாட்டேன், என் ஸ்டீயரிங் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தது என்பதுதான் உண்மை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, 600 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 1000, 1500 என்று தேய்த்து, பள்ளத்தில் ஃபில்லர் தடவி, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி மெல்லிசாக ஆறு கோட்டிங். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் மேட் சீலர், அதாவது பளபளக்காத மேல்பூச்சு. மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை. பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. இடது பக்கமும் மேல்பக்கமும் கடைசிவரை நன்றாகவே இருந்தன. வலது பக்கம் மட்டும் எட்டாவது மாதம் விரல் நுனி படும் இடத்தில் வெடித்து, பதினான்காவது மாதம் பழையபடி நார் தெரிந்தது.

அதாவது பளபளப்பு, நிறம் மங்கல், மோதிரக் கீறல் என்ற அளவில் நின்றிருந்தால் நிறம் பூசுவதே போதும். நகத்தால் வருடினால் பஞ்சு மாதிரி நார் எழுகிறதா, தையல் ஓரம் கிழிந்திருக்கிறதா, அழுத்தினால் தோல் தனியாக நகர்கிறதா, இதில் ஒன்று இருந்தாலும் நிறத்தில் காசு போடாதீர்கள். அடித்தளம் போன சுவரில் சுண்ணாம்பு நிற்காது.

ஸ்டீயரிங்கையே மாற்றலாமா என்றும் பார்த்தேன். புதிது கேட்ட விலைக்கு நான்கு டயர் போட்டுவிடலாம். ஒரு வேலையாகச் சென்னை போனபோது, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு முழு மத்தியானம் சுற்றினேன். என் மாடலுக்கு இரண்டு கிடைத்தன. ஒன்றில் ஆடியோ பட்டன் கிடையாது, அதற்கு ஒயரிங்கும் வேறு. இன்னொன்றில் லெதர் நன்றாக இருந்தது, ஆனால் ஏர்பேக்கோடு சேர்த்துத்தான் கொடுப்பேன் என்றார்கள். எந்த விபத்தில் இருந்து வந்தது, நனைந்ததா, வெடித்ததைத் திரும்ப மூடியதா என்று தெரியாத ஏர்பேக்கை என் நெஞ்சுக்கு முன்னால் வைக்க மனம் வரவில்லை. ஏர்பேக் இல்லாத ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங் மாட்டச் சொன்னார் ஒரு நண்பர். ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் கட்டாயம் என்று சட்டமே வந்த பிறகு, இருக்கும் ஏர்பேக்கைக் கழற்றி எறிவது எந்த வகையில் நியாயம்? அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டேன்.

ஆக, இருக்கும் ஸ்டீயரிங்குக்கே புதுத் தோல். தோல் விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் தொழில். ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்குப் போக மிஞ்சும் தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கும் கடைகள் உண்டு. என் ஸ்டீயரிங்கின் வெளி விட்டம் 37 சென்டிமீட்டர், பிடியின் சுற்றளவு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஒன்றேகால் சதுர அடிக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரே தோலில் வயிற்றுப் பகுதி இழுபடும், முதுகுப் பகுதி இழுபடாது. நல்ல இடமாகப் பார்த்து வெட்ட மூன்று சதுர அடி வாங்கினேன்.

முதலில் வாங்கியது தவறான தோல். கையில் தொட்டதும் பிடித்துப்போய் 1.4 மில்லிமீட்டர் தடிமனில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வேலூரில் சீட் கவர் தைக்கும் பாயிடம் போனேன். முப்பது வருடமாக இதே வேலை செய்பவர். தோலை இரண்டாக மடித்து, மடிப்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "சார், இது ஷூவுக்கு வந்த தோல். ஸ்போக் ஓரத்துல காடிக்குள்ள இறங்காது, மேடு கட்டி நிக்கும். ஒண்ணு, ஒண்ணு ஒண்ணுக்குள்ள வாங்கிட்டு வாங்க" என்றார். ஒரு மில்லிமீட்டரில் இருந்து 1.1 வரை என்று அர்த்தம். ஸ்போக் என்பது ஸ்டீயரிங்கின் நடுவையும் பிடியையும் இணைக்கும் கை, காடி அதன் ஓரத்தில் தோல் இறங்கும் பள்ளம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் கடையில் இருந்தது, நம் ஊரின் பழைய முறை. அதன் வாசனையும் நிறமும் எனக்கு உயிர். பாய் அதையும் மறுத்தார். தண்ணீரும் வியர்வையும் பட்டால் அது கறுத்துத் திட்டுத்திட்டாகிவிடும், சூட்டில் விறைக்கும். பெல்ட்டுக்கும் பைக்கும் அழகு, ஸ்டீயரிங்குக்கு குரோம் முறையில் பதனிட்ட மாட்டுத் தோல்தான் என்றார். மறுபடி ஆம்பூர் போய், 1.1 மில்லிமீட்டரில் மேட் கறுப்பு எடுத்தேன்.

ஸ்டீயரிங்கைக் கழற்றும் வேலையை நானும் தொடவில்லை, பாயும் தொடவில்லை. ஏர்பேக் வேலை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். சக்கரங்களை நேராக வைத்து, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, அரை மணி நேரம் அப்படியே விட்டார். அதற்குப் பிறகுதான் ஏர்பேக்கைப் பிரித்தார். பிரித்ததை மெத்தென்ற முகப்பு மேலே பார்க்கும்படி, ஆள் நடமாடாத இடத்தில் வைத்தார். கவிழ்த்து வைத்தால், தவறி வெடிக்கும்போது பொருளே எகிறும். ஸ்டீயரிங் உட்காரும் தண்டில் மார்க்கரால் ஒரு கோடு, ஸ்டீயரிங்கில் அதற்கு நேராக இன்னொரு கோடு. ஒரு பல் மாறி மாட்டினாலும் நேரே போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். உள்ளே சுருள் ஒயர் இருக்கும் வட்டப் பெட்டியைச் சுற்றவிடாமல் டேப் போட்டு ஒட்டினார். அது சுற்றிவிட்டால், மாட்டிய பிறகு முழுதாகத் திருப்பும்போது ஒயர் அறுந்து, ஹாரனும் ஏர்பேக்கும் இரண்டும் போகும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் யூடியூபைப் பார்த்துத் துணிந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாய் பழைய லெதரின் தையலைப் பிளேடால் பிரித்து, கிழியாமல் உரித்து, தட்டையாக்கி, அட்டையில் படியெடுத்தார். பழைய தோல் ஒன்பது வருடம் இழுபட்டு நீண்டிருக்கும், அதனால் அட்டையை ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்டினார். நான்கு துண்டு. ஓரத்தை உளியால் சீவி மெலிதாக்கினார். ஆம்பூரில் இதை ஸ்கைவிங் என்பார்கள், ஷூ வேலையிலும் இதுதான் உயிர்நாடி. பிறகு விளிம்பில் இருந்து நான்கு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி மெஷினில் ஒரு ஓட்டுத் தையல். அப்போது எனக்கு விளங்கவில்லை. கடைசியில் கையால் கோத்து இறுக்கும்போது, நூல் தோலைப் பிடித்து இழுப்பதில்லை, இந்த மெஷின் தையலின் கண்ணிகளைப் பிடித்து இழுக்கிறது. தோல் கிழியாமல் இருப்பதன் காரணம் அந்த ஒற்றை வரித் தையல்.

அடியில் இருக்கும் ஃபோமில் பழைய தோலோடு பிய்ந்து வந்த பள்ளங்களை நிரப்பித் தேய்த்துச் சமமாக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அதன்பின் பசை, ஈரத்துணியால் தோலை இளக்குதல், ஸ்போக் ஓரத்தில் ஹீட் கன் காட்டிச் சுருக்கத்தை இழுத்தல், வளைந்த ஊசியில் பாலியெஸ்டர் நூலால் கைத்தையல். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தார். ஐந்தரைக்குக் கடைசி முடிச்சு. தையல் கூலி 2,500, தோல் 600, கழற்றி மாட்ட 700. மொத்தம் 3,800 ரூபாய். முதலில் வாங்கிய தடித்த தோலில் பிறகு கியர் நாபுக்கு ஒரு உறை தைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் பிடி கொஞ்சம் விறைப்பாக இருந்தது, இரண்டாவது மாதத்தில் இளகிவிட்டது. முதல் வருடம் முடியும்போது வலது பக்கம் மறுபடி பளபளத்தது. தேய்ந்துவிட்டதே என்று பதறி, லேசான சோப்புத் தண்ணீரில் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன். துணி கறுப்பானது, ஸ்டீயரிங் மேட் ஆனது. பளபளப்பு என்பது பெரும்பாலும் அழுக்குதான். பழைய ஸ்டீயரிங்கையும் 2018இலேயே இப்படித் துடைத்து வந்திருந்தால் இன்னும் சில வருடம் ஓடியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடைக்கிறேன், அவ்வளவுதான் பராமரிப்பு.

இரண்டாவது வருட மே மாதத்தில் கீழ் ஸ்போக் அருகே ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் உப்பியது. பூட்டி நிறுத்திய வண்டியின் சூட்டில் பசை இளகியிருக்கிறது. பாய் ஐந்து தையலைப் பிரித்து, பசை வைத்து, திரும்பக் கோத்தார், காசு வாங்கவில்லை. அந்தக் கோடைக்குப் பிறகு கண்ணாடிக்கு வெயில் மறைப்பு வைக்காமல் இறங்குவதில்லை. மத்தியானத்துக்கு மேல் வண்டியின் முகம் கிழக்கே பார்க்கும்படி நிறுத்துகிறேன். மோதிரம் இடது கைக்கு மாறிவிட்டது.

மூன்றாவது வருடக் கணக்கு இது: வலது பக்கம் பூச்சு முழுதாக இருக்கிறது, நார் எங்கும் தெரியவில்லை. மேல் வளைவில் நிறம் லேசாகப் பழுப்படித்திருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கட்டைவிரல் நகம் படும் இடத்தில் ஒரு நூல் பிசிறியிருக்கிறது. ஒரு குறை மட்டும் என் தேர்வால் வந்தது. இரண்டு பக்கமும் பொடி ஓட்டை போட்ட தோல் வேண்டும் என்று நானே கேட்டு, கடையிலேயே ஓட்டை போட்டு வாங்கினேன். வியர்க்கும் கைக்கு அது நல்ல பிடிதான். ஆனால் ஓட்டைகளில் அழுக்கு அடைந்துகொள்கிறது, பழைய டூத் பிரஷ் இல்லாமல் வெளியே வராது. அடுத்த முறை வழுவழு தோலே போடுவேன்.

போன மாதம் தங்கையின் காரை ஓட்டினேன். ஏழு வருட வண்டி, வலது பக்கம் அதே கண்ணாடிப் பளபளப்பு. ஈரத்துணியில் துடைத்ததும் முக்கால்வாசி மறைந்துவிட்டது, மிஞ்சியது இரண்டு மோதிரக் கீறல்தான். அவளுக்கு நிறம் பூசும் கிட்டே போதும். வாங்கி வைத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார வேண்டும்.