19 கிலோ கனூ, ஒரு கிலோ எரிச்சல்: ஆறு பருவங்களுக்குப் பிறகு

கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழையில் செய்த கனூ, அதாவது ஒடுக்கமான துடுப்புப் படகு, வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. படகின் பின்முனையில், நம் மீனவர்கள் சொல்லும் அமரத்தில், போட்ட எபாக்சிப் பிசின் ஒட்டு இன்னும் முழுதாக இறுகவில்லை. தொனியில் காரம் தெரிந்தால் அதுதான் காரணம்.

படகு கனூக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகம்தான்: 18½ அடி, இருவர் துடுப்பு போடுவது, 42 பவுண்டு, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு பூசாத தேன்நிறக் கெவ்லார், தரையில் ஃபோம் உள்ளீடு, அலுமினிய விளிம்பு. ஓடியதெல்லாம் அமெரிக்காவின் மினசோட்டாவில் பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிக்காட்டிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவின் ஒன்டாரியோவில் க்வெட்டிக்கோ பூங்காவிலும்.

தண்ணீரில் அது எப்படி ஓடுகிறது என்று அளக்க வேண்டியதில்லை. நேராக ஓடும், வேகமாக ஓடும், காலியாக இருந்தால் காற்று சொல்கிற பக்கம் ஓடும். இந்த எடைக்குப் பணம் கொடுப்பது தண்ணீருக்காக இல்லை, நிலத்துக்காக. பவுண்டரி வாட்டர்ஸில் ஆயிரத்துக்கும் மேல் ஏரிகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் படகைச் சுமந்துதான் போக வேண்டும். அந்தச் சுமைப்பாதைகளை, அதாவது போர்ட்டேஜ்களை, வரைபடம் 'ராட்' கணக்கில் காட்டும். ஒரு ராட் 16½ அடி, 320 ராட் ஒரு மைல். விரல்விட்டு எண்ணக்கூடிய சில பாதைகள் தவிர வேறெங்கும் சக்கரம் வைத்து இழுக்க அனுமதி இல்லை. எனவே தோள்தான் வண்டி.

கணக்கு இப்படி: 160 ராட் பாதை அரை மைல். சாமானை இரண்டு நடையாகச் சுமந்தால், நடுவில் வெறுங்கையோடு திரும்பும் நடையும் சேர்ந்து ஒன்றரை மைல். 17 அடி அலுமினியக் கனூ 70, 75 பவுண்டு இருக்கும். அதைத் தூக்குபவர் முதுகில் வேறெதுவும் ஏறாது. 42 பவுண்டு படகைத் தூக்குபவர் சின்னப் பை ஒன்றையும் மாட்டிக்கொள்ளலாம், மற்றவர் சாப்பாட்டுப் பையை எடுத்தால் ஒரே நடையில் தீர்ந்தது. ஒரு நாளில் ஐந்தாறு போர்ட்டேஜ் வந்தால் மாலை நாலு மணிக்கே கூடாரம் அடிக்க முடிவது இதனால்தான். இந்த இன்பத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது நுகத்தடி: படகைக் கவிழ்த்துத் தோளில் சுமக்க, நடுவில் குறுக்கே மாட்டும் கட்டை.

எடையை அவுன்ஸ் அவுன்ஸாகக் குறைத்த அதே ஆட்கள், அந்த எடை முழுவதும் மனிதன் மேல் இறங்கும் அந்த இரண்டே இடத்தை எப்படி இவ்வளவு அலட்சியமாக விட்டார்கள் என்பது ஆறு வருடமாக விளங்கவில்லை. ஆஷ் மரக்கட்டை, இரு முனையிலும் கிளாம்ப், இறுக்க இறக்கை நட்டு, நடுவில் வினைல் போர்த்திய இரண்டு மெத்தைகள். இந்த நாலிலும் குறை இருக்கிறது.

முதலில் நட்டு. மரம் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். காலையில் விரலால் இறுக்கியது மதியத்தில் தளர்ந்திருக்கும். தளர்ந்த கிளாம்ப் அமரம் பக்கம் அரை அங்குலம் நகர்ந்தால் போதும், படகின் முன்முனையான அணியம் கீழே சாயும். அதைத் தாங்கக் கைக்கு வரும் பாரம் ஒரு பவுண்டுகூட இருக்காது. ஆனால் தலைக்கு மேல் தூக்கிய கையோடு அரை மைல் நடந்தால் அது பவுண்டுக் கணக்கில் தெரியாது. பாதையும் தெரியாது, உங்கள் பூட்ஸ் மட்டும்தான் தெரியும். ஜூன் மாதமாக இருந்தால் கழுத்தில் உட்காரும் கருப்பு ஈயை விரட்ட ஒரு கை மிஞ்சாது.

செய்ய வேண்டியது: துடுப்பு, மிதவை உடுப்பு என்று சுமக்கும்போது உள்ளே கட்டி வைக்கும் எல்லாவற்றையும் கட்டி, படகைத் தோளில் ஏற்றிப் பாருங்கள். கையை விட்டால் அணியம் மெதுவாகத் தானே மேலே எழ வேண்டும். எழவில்லை என்றால் நுகத்தை அணியம் பக்கம் அரை அங்குலம் தள்ளுங்கள். சரியான இடம் கிடைத்ததும் விளிம்பில் பெயின்ட் கோடு. கிளாம்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டு ஒன்று. இறக்கை நட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அகல வாஷரோடு நைலான் பூட்டு நட்டு. கால் அங்குல போல்ட்டுக்கு 7/16 ஸ்பேனர் வேண்டும். பழுதுபார்ப்புப் பையில் அதற்கும் இடம் ஒதுக்க வேண்டியதுதான். முன் குறுக்குச் சட்டத்தில் ஒரு சிறு கயிறு கட்டித் தொங்கவிட்டால் கையை உயர்த்தாமலே சாய்வைக் கட்டுப்படுத்தலாம். பைசா செலவில்லாத இந்தக் கயிறுதான் படகிலேயே நல்ல உதிரிபாகம்.

மெத்தை கதை இன்னும் மோசம். உள்ளே இருப்பது திறந்த துளை ஸ்பாஞ்ச். ஆணித்துளை வழியாகத் தண்ணீர் குடிக்கும், வினைல் அதை வெளியே விடாது. படகைத் தோளில் வைத்த நொடி முதுகெலும்பு வழியாக ஏரி இறங்கும். மூன்றாவது பருவத்தில் ஸ்பாஞ்ச் செத்து, அடியிலுள்ள பலகை தோள்பட்டையில் நேரடியாக உட்காரும். மாற்று மெத்தை செய்வதென்றால் அடியில் ஒரு அங்குலம் கெட்டியான மூடிய துளை ஃபோம், மேலே அரை அங்குலம் மென்மையானது, போர்த்த கார்டுரா துணி, தையல் அடிப்பக்கம், அங்கேயே இரண்டு வடிதுளை. இரண்டு மெத்தைக்கும் நடுவே கழுத்தின் அகலமும் இருபுறம் இரண்டிரண்டு விரலும் இருக்கட்டும். இடைவெளி குறைந்தால் கழுத்து நரம்பைக் கடிக்கும், கூடினால் தோளின் முனை எலும்பில் நிற்கும். பை மாட்டியபடி அளவு பாருங்கள்; பையின் வார் மீதுதான் மெத்தை உட்காரப் போகிறது.

அமரம் தேய்ந்ததற்கும் நுகமே மறைமுகக் காரணம். படகை நடுவில் பிடித்து, தொடைமேல் ஏற்றி, எதிர் விளிம்பைப் பற்றி, முழங்காலால் ஒரு உந்து கொடுத்துத் தலைக்கு மேல் புரட்டுவதே முறை. மெத்தை வலிக்கும் என்று தெரிந்த உடம்பு குறுக்கு வழி தேடும்: அமரத்தைத் தரையில் ஊன்றி, அணியத்தைத் தூக்கி, உள்ளே நடந்து நுகத்துக்குப் போவது. ஒவ்வொரு முறையும் கெவ்லார் முனை கருங்கல்லில் திருகும். ஜெல்கோட் இல்லாத படகில் அங்கே இழப்பதற்குப் பிசின் தவிர வேறொன்றும் கிடையாது.

ஒட்டுப் போடுகிறவர்களுக்கு: 80 எண் உப்புத்தாளால் பிசினின் பளபளப்பு போகும் வரை மட்டும் தேயுங்கள். மஞ்சள் பஞ்சு எழும்பினால் கெவ்லார் வந்துவிட்டது, நிறுத்துங்கள்; மேலும் தேய்த்தால் பஞ்சு கூடுமே தவிர வழவழப்பு வராது. எழும்பிய இழையைக் கூர்கத்தியால் நறுக்குங்கள். எபாக்சிதான், பாலியெஸ்டர் பிசின் கெவ்லாரில் சரியாகப் பிடிக்காது. மூன்று அடுக்கு கண்ணாடியிழைத் துணி, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் பெரிது. இறுகியபின் மேலே படியும் மெழுகுப் படலத்தைத் தண்ணீரால் கழுவாமல் வார்னிஷ் அடித்தால் உரியும். வெயில் எபாக்சியைத் தின்னும் என்பதால் புற ஊதாக் காப்புள்ள வார்னிஷ் கட்டாயம். கடையில் விற்கும் கெவ்லார் ஃபெல்ட் பட்டை வேண்டாம்: பிசினை உறிஞ்சி எடை கூட்டும், படகின் கோட்டைவிடப் புடைத்து நிற்கும், ஓடும்போது சளசளக்கும்.

ஃபோம் தரை ஒழுங்காகவே இருக்கிறது, ஒரே நிபந்தனையின் பேரில்: கரையில் வைத்துப் பாரம் ஏற்றக்கூடாது. முழங்கால் ஆழத்தில் இறங்கி, படகு முழுக்க மிதக்கும்போதுதான் ஏற்றுவதும் இறக்குவதும். கால் நனைய மனமில்லாதவர்கள் அலுமினியமே வாங்கலாம். அது கல்லில் மோதினால் ஏரி முழுக்கக் கேட்கும், ஆனால் உடையாது.

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. நண்பர் சொந்தமாக வாங்க வேண்டாம், பவுண்டரி வாட்டர்ஸின் வாசல் ஊரான ஈலியில் வாடகைக்கு எடுக்கட்டும். எடுக்கும் முன் மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கட்டும், தண்ணீர் கசிந்தால் வேறு படகு கேட்கட்டும். என்னுடையதை விலைக்குக் கேட்டால் கொடுக்க மாட்டேன். ஒட்டு காய்ந்ததும் அதற்கு வார்னிஷ் அடிக்கிற வேலை இருக்கிறது.