டேட்டாபேஸைக் கவனிக்க மாதச் சந்தா: கொடுக்கிற காசு தகுமா?

பண்டாரவளைப் பக்கம், சிறுதோட்டக்காரரிடம் கொழுந்து வாங்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு என் பொறுப்பு. தினசரி நிறை, ஈரக் கொழுந்தில் தண்ணீருக்காகக் கழிக்கும் நிறை, முற்பணம், உரக் கடன் எல்லாம் போஸ்ட்கிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் டேட்டாபேஸில் கிடக்கிறது. அதைக் கவனிக்கக் கண்டியிலுள்ள ஒரு சின்ன நிறுவனத்தைப் பிடித்தோம். "கொம்பியூட்டர் திருத்துற ஆளுக்கு மாசாமாசம் சல்லியா?" என்றார் முதலாளி. திருத்துவது இவர்கள் வேலையே இல்லை. பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

வந்ததும் எல்லோரும் பாவித்த ஒரே பாஸ்வேர்டை நிறுத்தினார்கள். நிறுக்கிற தம்பி இப்போது நிறையைப் பதியலாம், பதிந்ததை மாற்ற முடியாது. முதலாளிக்குப் பார்க்க மட்டும் அனுமதி. கொஞ்ச நாள் அவர் முகமே சரியில்லை. "எங்க நிறைய யாரு கொறச்சது?" என்று கொழுந்துக்காரர் வந்து நின்றால், யார் எப்போது தொட்டார் என்று திரையில் காட்டிவிடலாம்.

பேக்கப்பை எந்தப் பையனும் செட் பண்ணித் தருவான். இவர்கள் மாதாமாதம் அதை வேறொரு கொம்பியூட்டரில் மீட்டெடுத்து, போன மாதக் கணக்கைப் போனில் வாசிப்பார்கள். நான் பேரேட்டோடு ஒப்பிடுவேன். ஒருமுறை கிலோ சரியாக வந்தது, முற்பணம் வரவில்லை. புதிதாகச் சேர்த்த அட்டவணை பேக்கப் பட்டியலிலேயே இல்லை! அன்றைக்கே சேர்த்தார்கள். சந்தாக் காசு எனக்கு அந்த ஒரு போனிலேயே செரித்துவிட்டது.

ஏப்ரல் பின்னேர இடிமழையில் கரண்ட் போவது இங்கே வழக்கம். போஸ்ட்கிரஸ் எந்த மாற்றத்தையும் முதலில் 'வால்' (WAL) என்ற பதிவில் எழுதிவிட்டுத்தான் தரவுக் கோப்பில் கைவைக்கும். மறுபடி எழும்பும்போது அதைப் பார்த்துத் தானே சரியாகிவிடும். டிஸ்க்கே கருகிப் போனால்? அதற்காகத்தான் அந்தப் பதிவுகளை உடனுக்குடன் கண்டி நிறுவனத்துக்கும் அனுப்பி வைக்கிறார்கள். முழு பேக்கப்போடு அவையும் இருந்தால், மதியம் 2 மணிக்குக் கணக்கு எப்படி இருந்ததோ அப்படியே மீட்கலாம்.

குறையும் உண்டு. போஸ்ட்கிரஸின் பெரிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் 5 வருடம்தான் திருத்தங்கள் வரும். எங்களிடம் இருந்த 12ஆம் பதிப்புக்கு 2024 நவம்பரோடு முடிந்தது. முடிந்த பிறகுதான் வாய் திறந்தார்கள். இதை முன்கூட்டிச் சொல்லத்தானே ஆள் வைக்கிறோம்? அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பதில்லை. கொழுந்து லொறி ஞாயிறும் வருகிறதே. புது ஒப்பந்தத்தில் ஞாயிறுக்கு ஒரு ஆளின் நம்பர் கேட்டிருக்கிறோம். தந்தால் இன்னொரு வருடம் இவர்களோடுதான்.