கட்டெறும்பா, முசுறா, பிள்ளையார் எறும்பா?

எறும்பு வளர்க்கப் போகிறேன் என்றதும் அம்மா சொன்னது: "சர்க்கரை டப்பாவைத் திறந்து வை, தானா வளரும்." கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் எறும்புக்குப் பஞ்சமில்லைதான். எதை வளர்ப்பது என்பதில்தான் குழப்பம்.

வெளிநாட்டுக்காரர்கள் புதியவர்களுக்குச் சொல்வது லாசியஸ் நைகர் என்கிற கறுப்புத் தோட்டத்து எறும்பு. கெட்டியான இனம்; ஆய்வகத்தில் அதன் ராணி ஒன்று ஏறக்குறைய 29 வருடம் உயிரோடு இருந்திருக்கிறது. ஆனால் அது குளிர்காலத்தில் உறங்க வேண்டும். கடலூரில் அதற்கு ஃப்ரிட்ஜைத்தான் ஒதுக்க வேண்டும். விட்டுவிடலாம்.

நான் முதலில் பிடித்தது பிள்ளையார் எறும்பு. கடிக்காது, சாது, என்ன கொடுத்தாலும் தின்னும். ஒரே புற்றில் பல ராணிகள் இருப்பதால் ஒன்று செத்தாலும் கூட்டம் நிற்காது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டில் வாயில் வேட்டித் துணியைக் கட்டி வைத்தேன். மறுநாள் காலை பாட்டில் காலி, அடுப்பங்கரை நிறைய எறும்பு. இத்தனை பொடிசை அடைத்து வைப்பது புதியவர் வேலை இல்லை. சிவப்பு நெருப்பெறும்பும் அதே ரகம், கூடவே கொட்டவும் செய்யும்.

முசுறு பார்க்க அழகு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் போய் நின்றால் நேரம் போவதே தெரியாது. தன் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு, அவை விடும் பட்டு நூலால் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும். முந்திரியைக் கெடுக்கும் தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியையும் வேட்டையாடும். ஆனால் ஒரு கூட்டமே பல மரங்களில் பரவி வாழ்வது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது பாவம். கடித்த இடத்தில் அமிலத்தையும் பீச்சும். தோப்போடு இருக்கட்டும்.

அப்புறம்தான் கட்டெறும்புக்கு வந்தேன். இதற்குக் கொடுக்கு கிடையாது, கடி மட்டும்தான். உருவம் பெரிது என்பதால் பஞ்சு அடைத்தாலே நிற்கும். மழை விட்ட சாயங்காலம் தெருவிளக்கடியில் தேடுங்கள். முதுகு தடித்து, இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் அலைகிற பெரிய எறும்புதான் ராணி. டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதன்மேல் பஞ்சு, உள்ளே ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். முதல் வேலைக்காரி எறும்புகள் வரும்வரை ராணிக்குத் தீனியே வேண்டாம். இனிப் பறக்கப் போவதில்லையே, இறக்கைத் தசையும் உடம்புக் கொழுப்பும் கரைந்து குஞ்சுகளுக்கு உணவாகும்.

குறை ஒன்று உண்டு, ரொம்ப மெதுவு. முட்டை எறும்பாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவும் முதலில் வருவது ஒரு சின்னக் கும்பல்தான். தினம் எடுத்துப் பார்த்தால் அதிர்வில் மிரண்டு ராணியே முட்டையைத் தின்றுவிடும். என் முதல் ராணி அப்படித்தான் போனது. கத்திரி வெயிலில் ஜன்னலோரமும் ஆகாது, டியூப் வெந்துவிடும்.

வேலைக்காரிகள் வந்தபின் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர், புரதத்துக்குக் கரப்பான் கால். மருந்தடித்துச் செத்த கரப்பான் மட்டும் வேண்டாம். இப்போதெல்லாம் அம்மா துடைப்பத்தால்தான் அடிக்கிறார், அடித்துவிட்டு, "உன் பிள்ளைங்களுக்கு இது போதுமாடா?" என்று முறத்தில் கொண்டுவந்து நீட்டுகிறார்.