எஸ்.க்யூ.எல். சர்வரையே கேஷாக வைத்திருந்த அனுபவம்

நிலாவெளி, உப்புவெளிக் கரையோர விடுதிகளுக்கான அறை முன்பதிவுத் தளமொன்றைத் திருகோணமலையிலிருந்து பராமரிக்கிறோம். சித்திரை கழிந்தால் கூட்டம் அள்ளும். மாரி தொடங்கினால் ஈ ஓட்டலாம். கூட்டத்தைச் சமாளிக்க இரண்டாவது வலைச் சர்வரைச் சேர்த்ததும் சிக்கல் வந்தது. ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்தில் தனிக் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவை எடுத்து வைக்கும் தற்காலிகச் சேமிப்பு) வைத்திருந்ததால், ஒன்று அறை உண்டு என்றது, மற்றது இல்லை என்றது. புறாத் தீவுக்குப் படகும் பேசிவிட்ட குடும்பத்துக்கு இந்த விளக்கமெல்லாம் எதற்கு?

எல்லோரும் சொல்லும் மருந்து ரெடிஸ், பல சர்வர்கள் பகிரக்கூடிய நினைவகக் கிடங்கு. அதைப் பராமரிக்க எங்களிடம் ஆளில்லை, எங்கள் தரவுத்தளமான எஸ்.க்யூ.எல். சர்வரோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தளத்தை எழுதப் பயன்படுத்திய ஏ.எஸ்.பி. டாட்நெட் கோர் கட்டமைப்பின் பகிர்வுக் கேஷ் அதையே கிடங்காக ஏற்றுக்கொள்கிறது. ஒரே கட்டளையில் அட்டவணை தயாராகிவிடும்.

வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. காலாவதி எதையும் குறிப்பிடாமல் ஒரு பதிவை இட்டால், அது 20 நிமிட நகரும் காலாவதியை எடுத்துக்கொள்கிறது. அதாவது, யார் வாசித்தாலும் ஆயுள் நீளும். ஆயுள் நீள்வது அட்டவணையில் ஒரு திருத்தம். ஆக ஒவ்வொரு வாசிப்பும் ஓர் எழுத்தாகிறது, நூலைப் புரட்டும் போதெல்லாம் நூலகர் முத்திரை குத்துவதைப் போல! தரவுத்தளத்தின் சுமையைக் குறைக்க வைத்த கேஷே சுமையைக் கூட்டும். அறைப் பட்டியல்களுக்கு, வாசித்தாலும் நீளாத நிலையான காலாவதி மட்டும் கொடுத்தோம். நகரும் காலாவதி பயனரின் அமர்வுகளுக்கு மட்டும்.

எதைச் சேமிப்பது என்பதும் முக்கியம். சாவியை (பதிவை அடையாளம் காட்டும் பெயரை)க் கொண்டு ஒரு வரியை எடுக்கும் வினவலின் விடையைக் கேஷில் போடுவது வீண். கேஷும் அதே தரவுத்தளத்தில் அதே வேலையைத்தான் செய்யும். பல அட்டவணைகளை இணைத்துக் கணக்கிடும் மாத நாட்காட்டிக்குத்தான் பயன் தெரிந்தது. பணம் செலுத்தும் கட்டத்தில் கேஷை நம்புவதே இல்லை, மூல அட்டவணையைத்தான் பார்க்கிறோம்.

குறைகளும் உண்டு. ஒரு விடுதியின் கேஷ் பதிவுகளை மொத்தமாக நீக்க வழியில்லை; சாவியிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்து, விலை மாறும்போது எண்ணைக் கூட்டிவிடுகிறோம். பழையவை தாமாகக் காலாவதியாகும். அவற்றைத் துப்புரவு செய்யும் இடைவெளி இயல்பாக 30 நிமிடம், 5 நிமிடத்துக்குக் கீழே இறக்க முடியாது. சாவியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதால், எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கியே அனுப்புகிறோம்.

பிரபலமான பதிவொன்று காலாவதியாகும் கணத்தில் எல்லோரும் ஒரே கணக்கீட்டைத் தொடங்கிவிடுவது இன்னொரு தலைவலி. டாட்நெட் 9 உடன் வந்த ஹைபிரிட் கேஷ் என்ற வசதி அதைத் தடுக்கிறது, ஆனால் ஒரு வலைச் சர்வருக்குள் மட்டும். எங்களிடம் இரண்டு சர்வர்கள். ஒரே நாட்காட்டி இருமுறை கணக்கிடப்படுவதைத் தரவுத்தளம் தாராளமாகத் தாங்கும்.