அப்பாவின் ஹார்டி பெர்ஃபெக்ட் ரீல்: ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஆனிக் நகரத்தில் 1872-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹார்டி நிறுவனம், 'பெர்ஃபெக்ட்' என்ற பெயரில் ஃப்ளை தூண்டிலுக்கான, நூல் சுற்றிவைக்கும் ரீலை 1891-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்பா என்னிடம் விட்டுச்சென்றது அந்த வரிசையில் பிற்காலத்தில் வந்த, 3⅛ அங்குல விட்டமுள்ள ஒன்று. ஊட்டியிலிருந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, யாரும் கை நீட்டாத ஒரு மரப்பெட்டியோடு சேர்த்து அவர் இதை எடுத்ததாகச் சொல்வார். பழைய ரீல் வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறேன். அப்பாவைப் பற்றிப் பேசாமல் இந்த ரீலைப் பற்றி மட்டும் எழுத எனக்கு வராது என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஃப்ளை தூண்டிலில் முள்ளில் புழு கிடையாது. இறகையும் மயிரையும் நூலால் கட்டிச் செய்த பொய்ப்பூச்சிதான் உண்டு. அப்பா நாட்டுச் சேவலின் கழுத்து இறகையும் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த பட்டு நூலையும் கொண்டு அதைக் கட்டுவார். அந்தப் பூச்சிக்கு எடையே இல்லை என்பதால் அதைத் தூர வீச முடியாது. தடிமனான தூண்டில் நூலின் எடைதான் அதை இழுத்துக்கொண்டு போகவேண்டும். 5-ஆம் எண் நூலில் முதல் 30 அடிக்கு ஏறத்தாழ 9 கிராம் எடை இருக்கும், அவ்வளவுதான். ஆகவே வீசும்போது ரீலுக்கு வேலையே இல்லை. நூலைச் சுற்றி வைத்திருப்பதும், மீன் மாட்டிக்கொண்டு ஓடும்போது தடையாக நிற்பதும்தான் அதன் பணி. ஒரு ரீல் நல்லதா இல்லையா என்பது அந்தச் சில விநாடிகளில்தான் தெரியும்.

அந்த இடத்தில் பெர்ஃபெக்ட் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான பொறி. நூல் சுற்றிய உருளைக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே பால்பேரிங் குண்டுகள் ஓடுவதால், மீன் முதல் இழுப்பு இழுக்கும்போது உருளை திணறாமல் சுழலத் தொடங்குகிறது. திணறினால் நுனியில் உள்ள மெல்லிய நரம்பு அறுந்துவிடும். தடையே இல்லாவிட்டாலோ உருளை நூலைவிட வேகமாகச் சுழன்று நூல் சிக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் உள்ளே பல்சக்கரமும், அதன்மேல் எஃகு வில் அழுத்தும் ஒரு சிறு நாக்கும் வைத்திருக்கிறார்கள். விளிம்பில் உள்ள திருகால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நாக்கு பல்லில் தட்டித் தட்டி எழுப்பும் கரகரப்புத்தான் இந்த ரீலின் குரல். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் ரீலைக் கழற்றிப் போட்டு, ஒவ்வொரு உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று எனக்குக் காட்டுவார்.

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். நான் தோளுக்கு மிஞ்சுவதற்கு வெகு நாள் முன்பே என்னை அவர் தோழனாக்கிக்கொண்டார். விளையாட்டு மைதானத்தில் முள்ளுக்குப் பதிலாகக் கம்பளித் துணுக்கைக் கட்டி வீசக் கற்றுக்கொடுத்தபோது, "பின்னால போன நூல் நீளட்டும், அதுக்குள்ள என்னடா அவசரம்?" என்பதைத் தவிர வேறு கண்டிப்பு இருந்ததில்லை. பிறகு மீன்வளத் துறையிடம் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு அவலாஞ்சிக்குப் போவோம். 1907-இல் அங்கே அமைக்கப்பட்ட குஞ்சு பொரிப்பகத்தால்தான் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்குரிய வானவில் ட்ரவுட் மீன் நீலகிரி ஓடைகளில் குடியேறியது என்பதையும், குளிர்ந்த நீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது என்பதையும் ஓடைக்கரையில்தான் கேட்டேன். வீட்டில் வாய் திறக்காத கடன் விவகாரங்களையும், தொழிற்சங்கத்தில் தான் தோற்ற கதையையும், தன் அண்ணனோடு பேச்சை நிறுத்தியதற்கான காரணத்தையும் அவர் சொன்னது அந்தக் கரையில்தான். பாதி வாக்கியத்தில் ரீல் கரகரத்தால் கதை அங்கேயே நின்றுவிடும். சில கதைகளுக்கு இன்றுவரை எனக்கு முடிவு தெரியாது.

பழைய பெர்ஃபெக்ட் வாங்குபவர்கள் முதலில் அதன் அடிப்பாதத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டும். கழியின் பிடியில் பொருந்துவதற்காகப் பலர் பாதத்தை அராவியிருப்பார்கள். அப்படி அராவியதற்குச் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். எங்களுடையதும் அராவப்பட்டதுதான். ஆனால் அதைச் செய்தவர் ஃபிட்டர். இரு முனையும் ஒரே சாய்வில், விரல் வைத்தால் பிசிறு தட்டாமல் இருக்கிறது. விற்க நினைத்தால்தான் அது குறை. அடுத்து, உருளை சட்டத்தில் உரசாமல் சுழல்கிறதா என்று பார்க்கவேண்டும். கீழே விழுந்து சட்டம் நெளிந்திருந்தால் சரிசெய்வது கடினம். பளபளப்பாகத் தேய்த்து மெருகேற்றியதை வாங்காமல் இருப்பது நல்லது. புதிய வகை ரீல்களில் இருப்பதுபோல் உராய்வுத் தட்டுத் தடையை இதில் எதிர்பார்க்கக்கூடாது. கடலில் பெரிய மீனுக்குத் தூண்டில் போடுபவர்களுக்கு இது தோதுப்படாது. ஓடை ட்ரவுட்டுக்கு இதற்குமேல் தேவையும் இல்லை.

அப்பா போன பிறகு பதினோரு ஆண்டுகள் நான் இதைத் தொடவில்லை. கடைசியாகப் பயன்படுத்திய பழைய பட்டு நூலை உலர்த்தாமல் அப்படியே பெட்டியில் வைத்தது என் தவறு. பட்டு நூலை ஒவ்வொரு நாளும் கழற்றி, உலர்த்தி, மிதப்பதற்குக் கொழுப்புத் தடவி வைக்கவேண்டும் என்று அவர் சொல்லாத நாளில்லை. சென்ற மாதம் திறந்தபோது நூல் இற்றுப்போயிருந்தது. ஈரம் கோத்து, நாக்கை அழுத்தும் எஃகு வில் துருப்பிடித்து என் கையிலேயே ஒடிந்தது. மற்ற எல்லா உறுப்பும் மண்ணெண்ணெயில் கழுவியதும் பழைய நிலைக்கு வந்துவிட்டன.

அதே மரப்பெட்டியின் மூலையில் ஒரு பிலிம் டப்பா இருந்தது. உள்ளே பழைய கடிகாரத்தின் வில்லை வெட்டி, வளைத்து, எண்ணெயில் தோய்த்த துணியில் சுற்றி அவர் செய்துவைத்த மாற்று வில் இரண்டு இருந்தன. ஒன்றைப் பொருத்தினேன்; முதல் முயற்சியிலேயே உட்கார்ந்தது. புதிய நூலைச் சுற்றி, மைதானத்தில் கம்பளித் துணுக்கைக் கட்டி ஒரு மாலைப்பொழுது வீசிப் பார்த்தேன். வீச்சில் பழைய பழக்கம் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. நூலைக் கையால் வேகமாக இழுத்தபோது ரீல் தயங்காமல் ஓடியது. கடிகார வில் கொஞ்சம் விறைப்பானது என்பதால் கரகரப்பு முன்னைவிடச் சற்றே கூர்மையாகக் கேட்கிறது.