பிளம், கிளார்க்: ஆட்டம் 139, பாணி இரண்டு

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கெல்சி பிளம் (2013–17), அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் (2020–24) இருவருமே அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆடியது சரியாக 139 ஆட்டங்கள். புள்ளிகள் முறையே 3,527, 3,951. அதனால் ஒப்பிடுவது எளிது. ஆனால் மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

பிளம் இடதுகைக்காரர். தடுப்பாளரின் உடம்போடு உரசிக்கொண்டே உள்ளே புகுந்து, தடுப்பாளரை ஃபவுல் (விதிமீறல்) செய்ய வைப்பார். அவருடைய புள்ளிகளில் 912, அதாவது கால்பங்குக்குச் சற்று மேல், ஃப்ரீ த்ரோவில், அதாவது ஃபவுலுக்காகத் தடுப்பில்லாமல் எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி ஷாட்களில், வந்தவை. 2015–16இல் ஆட்டம் நான்கு கால்பகுதிகளாக மாறி, ஒரு கால்பகுதியில் ஓர் அணி செய்யும் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்ற விதி வந்தது. இப்படி ஆடுபவருக்கு அது தோதான விதி.

கிளார்க் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வாழ்ந்தவர். 548 மூன்று புள்ளி ஷாட்கள், மொத்தப் புள்ளிகளில் ஏறக்குறைய 42 சதவீதம். அதுவும் 2021–22இல் கோடு 20 அடி 9 அங்குலத்திலிருந்து 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளிப்போன பிறகு பெரும்பகுதி. தடுப்பாளர் அவ்வளவு தூரம் மேலேறி வந்தால் பின்னால் இடம் திறக்கும். அங்கேதான் பாஸ் போகும். 1,144 அசிஸ்ட் (சக வீராங்கனை கூடை போட வழிசெய்த பாஸ்) அப்படி வந்ததுதான். நீண்ட பாஸ் தவறினால் பந்து எதிரணிக்கு: கடைசிப் பருவத்தில் இப்படிப் பந்தை இழந்தது (டர்ன்ஓவர்) ஆட்டத்துக்கு நான்குக்கும் மேல்.



இறுக்கமான கடைசி நிமிடத்தில் ஒரு கூடை வேண்டுமென்றால் பிளம். அணியின் மற்ற நால்வரையும் ஆடவைக்க கிளார்க். அயோவா 2023, 2024 இரண்டு இறுதியாட்டங்களுக்கும் போனது அப்படித்தான், இரண்டிலும் தோற்றாலும்.