தீர்ப்பு வாங்கியாச்சு, பணம் எங்கே? ஜீவனாம்ச வசூல் சேவைக்கு என் மதிப்பெண்

இது ஹோட்டலுக்கோ மிக்ஸிக்கோ எழுதுகிற விமர்சனம் இல்லை. ஜீவனாம்ச ஆணை கையில் வந்த பிறகு அதைப் பணமாக மாற்றுவதற்கு நம்மூரில் இருக்கிற ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று மூன்று வருடம் உள்ளே இருந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் கொங்குப் பக்கம் ஒரு மாவட்டத் தலைநகர்க் குடும்ப நீதிமன்றம், பெயர் வேண்டாம். மொத்தமாக ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் எங்கிருந்து வந்தது, மீதி எங்கே போனது என்பதுதான் விஷயம்.

2022 மார்ச்சில் எனக்கும் மகளுக்கும் சேர்த்து மாதம் 8,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் கணவர் என் வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று ஆணை. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தோம். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. நான் என்ன நினைத்தேன் என்றால், கோர்ட் சொல்லிவிட்டது, அவர் கொடுக்கவில்லை என்றால் கோர்ட்டே கேட்கும் என்று. யாரும் கேட்கமாட்டார்கள். கோர்ட்டுக்கு அவர் கட்டினாரா இல்லையா என்றே தெரியாது; நீங்கள் போய் மனுப் போட்டுச் சொன்னால்தான் தெரியும். இதை ஆணை கொடுக்கிற அன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டில் அடித்துக் கொடுத்திருந்தால் எனக்கு 16,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

எப்படி என்றால், பாக்கியை வசூலிக்க வாரண்டு கேட்கும் மனுவை அந்தத் தொகை கட்ட வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125(3)-இல் அப்படித்தான் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 144-வது பிரிவிலும் அப்படியே இருக்கிறது. பேச்சுவார்த்தை, சித்தப்பா பஞ்சாயத்து, "தீபாவளிக்குள்ள செட்டில் பண்ணிடறேன்" எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு நான் மனுப் போட்டது 2023 செப்டம்பர் 5. அதற்குள் முந்தைய வருட ஜூலையும் ஆகஸ்டும் கைவிட்டுப் போய்விட்டன. செப்டம்பரிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு 96,000 மட்டும்தான் கேட்க முடிந்தது.

முதல் கவுண்டர், இலவச சட்ட உதவி. இதற்குத் தாராளமாக நான்கு. பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே இருக்கிறது. மில் ஆபீஸில் வேலை பார்க்கிற எனக்கு ஏன் கொடுப்பார்கள் என்று கூச்சப்பட்டுக்கொண்டே போனேன். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். எனக்குக் கிடைத்த வக்கீல் மேடம் என்னைவிடச் சின்ன வயது. முதல் நாளே "அக்கா, பாஸ்புக் எண்ட்ரி போட்டுட்டு வாங்க, எந்த மாசம் வந்துச்சு, எந்த மாசம் வரலைன்னு ஒரே பேப்பர்ல எழுதிட்டு வாங்க, மத்த கதையெல்லாம் அப்புறம்" என்றார். அந்த ஒரு பேப்பர்தான் கடைசிவரை நின்றது. ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது ஏன் என்றால், நடுவில் இரண்டு வாய்தாவுக்கு அவர் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார், நான் மட்டும் நின்றுகொண்டு "மேடம் வந்துட்டிருக்காங்க ஐயா" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாவது கவுண்டர், நோட்டீஸ். ஒன்று. அவர் இருக்கிற வீட்டுக்கே போன நோட்டீஸ் 'கதவு பூட்டியிருந்தது' என்று இரண்டு முறை திரும்பி வந்தது. கைக்குப் போய்ச் சேர டிசம்பர் ஆகிவிட்டது. பிப்ரவரியில் வந்து நின்றார், 20,000 கட்டினார், மீதிக்கு அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள். அடுத்த வாய்தாவுக்கு ஆள் வரவில்லை.

மூன்றாவது, வாரண்டும் போலீஸும். இதற்கு மதிப்பெண் போடுவதற்கே யோசனையாக இருக்கிறது. 2024 ஏப்ரலில் பிடிவாரண்டு பிறந்தது. அந்த மாதம் 19-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல், ஸ்டேஷனில் யாரைக் கேட்டாலும் பந்தோபஸ்து. சரி, நியாயம். மே மாதமும் பந்தோபஸ்து. ஜூனில் போனபோது ஒரு ஏட்டு, கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னார்: "ஆள் எங்க இருக்கார்னு நீங்களே காட்டுங்கம்மா, தூக்கிட்டு வந்துடறோம்." அதாவது வாரண்டை நிறைவேற்றுகிற வேலையில் பாதி என்னுடையது. அவர் பைக் எண், போகிற டீக்கடை, வருகிற நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். கொலை, கொள்ளை வாரண்டுகளுக்கு நடுவே ஜீவனாம்ச வாரண்டு ஃபைலின் அடியில்தான் கிடக்கும், அதைத் தினமும் மேலே எடுத்து வைப்பது நம் வேலை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆகஸ்டில் ஒரு நாள் காலையில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கட்டாத மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம் என்று நீதிபதி எடுத்துச் சொன்னார். பத்து மாதமாக இல்லாத 40,000 ரூபாய் மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிட்டது, அவருடைய தம்பி கையில் மஞ்சள் பையோடு. மீதி 36,000-த்தை இரண்டு தவணை என்றார்கள். ஒரு தவணை வந்தது, இன்னொன்று இன்னும் வரவில்லை.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. "ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தா கணக்கு முடிஞ்சுது" என்று வராண்டாவில் ஒரு ஆள் என்னிடமே சவால் மாதிரிச் சொன்னார். முடியாது. உள்ளே வைப்பது பணத்தை வரவழைக்கத்தான், பணத்துக்குப் பதிலாக இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே குல்தீப் கவுர் வழக்கில் சொல்லிவிட்டது. சிறையில் இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி பாக்கிதான்.

நான்காவது கவுண்டரைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்: சம்பளத்தில் பிடிப்பது. நான்கரை நட்சத்திரம். முதல் மனு ஓடிக்கொண்டிருந்த வருடத்திலும் மாதப் பணம் வரவில்லை, எனவே இந்த முறை புத்தியாக, வருடக் கெடு தாண்டுவதற்குள், 2024 செப்டம்பர் 2 அன்று இன்னொரு 96,000-க்கு மனுப் போட்டோம். அதிலேயே அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரையும் சேர்த்தோம். மாமா கடையில் 9,000 சம்பளம் என்று அவர் கோர்ட்டில் சொல்லிவைத்திருந்தார். கல்யாண வீட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒன்றில் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தார். வேறென்ன சொல்ல. 2020-இல் ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொன்னதோடு, ஜீவனாம்ச ஆணையை சிவில் கோர்ட் பணத் தீர்ப்பு மாதிரியே ஜப்தி செய்தும் நிறைவேற்றலாம் என்றது. மேடம் அதை வைத்துக் கம்பெனியிடம் சம்பளச் சான்று வரவழைக்கச் சொல்லிக் கேட்டார். 31,000. மற்றக் கடன்களுக்கு என்றால் சம்பளத்தில் கை வைக்க நிறையத் தடை இருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு மூன்றில் ஒரு பங்கை மட்டும் அவருக்கு விட்டுவிட்டு மீதி வரை பிடிக்கலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவில் இருக்கிறது. நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. நடப்பு மாதத்துக்கு 8,000, பாக்கிக்கு 4,000, ஆக 12,000 பிடித்து அனுப்பும்படி கம்பெனிக்கு ஆணை போனது. கம்பெனி கணக்குப் பிரிவுக்கு என்னையும் தெரியாது, அவர் குடும்பச் சண்டையும் தெரியாது. காகிதம் வந்தது, பிடித்தார்கள், அவ்வளவுதான். தொந்தரவு என்னவென்றால் சொந்தத் தொழில் செய்கிறவர், கூலி வேலை செய்கிறவர் என்றால் இந்த வழி இல்லை, வேலையை மாற்றினாலும் திரும்ப முதலிலிருந்து.

ஈகோர்ட்ஸ் செயலியையும் சொல்ல வேண்டும். வழக்கு எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தாத் தேதி தெரியும், கோர்ட்டுக்கு போன் பண்ணி பெஞ்ச் கிளார்க்கிடம் திட்டு வாங்க வேண்டியதில்லை. போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வராண்டாவில் சனிக்கிழமை குழந்தையைப் பார்க்கலாம் என்ற ஆணையோடு, பிஸ்கட் பாக்கெட்டும் வண்ணப் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். பல நாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரமாட்டார்கள். பணத்தையாவது ஜப்தி பண்ணலாம், குழந்தையை எப்படிப் பண்ணுவது? அவர்கள் இந்தச் சேவைக்கு மதிப்பெண் போட்டால் என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கோர்ட் வாசல் டீக்கடைக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து. வாய்தா தள்ளிப்போன நாளில் அந்த அக்கா காசு வாங்கமாட்டார், "அடுத்த தடவ சேத்துக் குடு கண்ணு" என்பார்.

இதை எழுதுகிற வரைக்கும் இந்த மாதத் தொகை ஏறவில்லை. பத்தாம் தேதி வரைக்கும் பார்ப்பேன், ஃபைல் பீரோ மேலேயேதான் இருக்கிறது.